கலப்பினப் பறவைன்னு சொல்றதுக்கு முன்னாடி மேப்பை விரிங்க

போட்டோவ ஜூம் பண்ணி பாக்கறீங்க, உடம்பு ஒரு இனம் மாதிரி இருக்கு, தலை வேற இனம் மாதிரி இருக்கு, ஃபீல்டு கைடுல எந்தப் பக்கத்துலயும் அப்படி ஒண்ணு இல்ல, உடனே மனசுல ஓடறது ஹைப்ரிட்டா இருக்குமோன்னுதான். ஆசைப்படறதுல தப்பே இல்ல. ஆனா எல்லாத்தையும் பாத்துட்டு, வேற வழியே இல்லன்னா மட்டும் வந்து நிக்க வேண்டிய முடிவு அது. ஒரு பறவை கலப்பினமான்னு எந்த வரிசைல பாக்கறது, அது நிஜமாவே கலப்புதான்னா அத வச்சு அந்த இனங்களோட பரவல் பத்தியும் பரிணாமம் பத்தியும் நாமளே எவ்வளவு தூரம் தோண்டிப் பாக்கலாம்ங்கறதத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல ஒரு கணக்கு. உலகத்துல இருக்கற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பறவை இனங்கள்ல கிட்டத்தட்ட 16 சதவீதம் இனங்கள் காட்டுலயே இன்னொரு இனத்தோட கலந்ததா பதிவு இருக்கு. கேட்டா ரொம்ப சகஜம் மாதிரி தோணும். ஆனா இது இனங்களோட கணக்கு, பறவைகளோட கணக்கு இல்ல, நூறு வருஷத்துல ஒரே ஒரு கலப்புக் குஞ்சு பதிவாகியிருந்தாலும் அந்த இனம் அந்த 16 சதவீதத்துக்குள்ள வந்துரும். பறவை பாக்கறவங்க தாங்க பாத்தத பதிவு பண்ற ஈபேர்ட்ங்கற இணையதளத்துல இருக்கற அமெரிக்கப் பதிவுகள வச்சு தனித்தனி பறவையா எண்ணிப் பாத்த ஆய்வு 2020ல வந்துச்சு, அதுல கலப்பினம்னு பதிவானது ஆயிரத்துக்கு ஒண்ணு கூட தேறல. அதனால உங்க கேமராவுல சிக்கினது வேற ஏதாவதா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வாத்துக் கூட்டத்துல மட்டும் இந்த கணக்கு கொஞ்சம் மாறும், அங்க கலப்பு நிறைய.

முதல்ல கழிச்சுக் கட்டுங்க

வயசு, பாலினம், இறகு உதிர்ற சீசன், இந்த மூணையும் முதல்ல பாருங்க. ஆண் மல்லார்டு வாத்து இனப்பெருக்கம் முடிஞ்சதும் பளபளன்னு இருந்த பச்சைத் தலைய இழந்து பெட்டை மாதிரியே ஆயிடும், அந்த மாற்றம் பாதி நடந்துட்டு இருக்கும்போது போட்டோ எடுத்தீங்கன்னா எந்த இனத்தோடயும் பொருந்தாத ஒரு ஜந்து மாதிரிதான் தெரியும். இளம் பறவைங்க பெரிய பறவையோட இறகுக்கு மாறும்போதும் அதே கதைதான், திட்டுத் திட்டா இருக்கும்.

அடுத்தது நிறமி பிரச்சனை. லியூசிசம்னு சொல்ற நிறக்குறைவுல அங்கங்க இறகு வெள்ளையா வரும். ஒரு சுலபமான சோதனை இருக்கு: அந்த வெள்ளை, பெற்றோரா இருக்கலாம்னு நீங்க நினைக்கற ரெண்டு இனத்துலயும் அந்த இடத்துல இல்லைன்னா, கலப்பு பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி நிறமிய சந்தேகப்படுங்க. வெள்ளைத் திட்டு இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேற மாதிரியும் இருந்தா சந்தேகம் இன்னும் பலமாகுது, ஏன்னா கலப்பினத்துல அடையாளங்கள் பொதுவா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரும். நெஞ்சுல வெள்ளை பிப் கட்டின மல்லார்டு கூட பெரும்பாலும் காட்டு இனக் கலப்பு கிடையாது, வீட்டு வாத்து ரத்தம். அதுவும் ஒருவகைல கலப்புதான், ஆனா நீங்க தேடற கலப்பு அது இல்ல.

சேறு, மகரந்தம், சாயங்கால வெயில், கேமராவோட ஒயிட் பேலன்ஸ் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பலரும் யோசிக்காத ஒண்ணு சாப்பாடு. இதுக்கு நல்ல உதாரணம் வட அமெரிக்காவோட ஃபிளிக்கர் மரங்கொத்தி. கிழக்குப் பக்கம் இருக்கறதுக்கு சிறகோட தண்டு மஞ்சள், மேற்குப் பக்கம் இருக்கறதுக்கு சிவப்பு, நடுவுல இருக்கற பெரும் சமவெளில ரெண்டும் கலந்து ஆரஞ்சு தண்டோட கூட திரியும். சிக்கல் எங்கன்னா கலப்பு நடக்கற இடத்துலேர்ந்து ரொம்ப தூரத்துல, கிழக்குக் கோடில கூட, மஞ்சள் தண்டு பறவைங்கள்ல சிவப்பு இறகு எட்டிப் பாத்துச்சு. மேற்கோட மரபணு இவ்வளவு தூரம் கசிஞ்சு வந்துருச்சுன்னு ரொம்ப நாளா ஒரு விளக்கம் ஓடிட்டு இருந்துச்சு. 2017ல வந்த ஆய்வுல அந்த சிவப்பு இறகுங்கள்ல இருக்கற நிறமிய பிரிச்சுப் பாத்தா, மேற்குப் பறவைங்க உடம்புக்குள்ள தயாரிக்கற சிவப்பு நிறமி அது இல்லவே இல்ல, ரோடோசாந்தின்னு ஒரு நிறமி, ஆசியாவுலேர்ந்து கொண்டு போய் நட்ட ஹனிசக்கிள் புதரோட பழத்துல இருக்கறது. பழம் பழுக்கற நேரமும் இறகு மாத்தற நேரமும் ஒண்ணா வருது, அந்த நேரத்துல முளைக்கற இறகு மட்டும் செவந்துருது. சீடர் வேக்ஸ்விங்னு ஒரு பறவைக்கு வாலோட நுனி மஞ்சளா இருக்கணும், அதுவும் இதே பழத்தால ஆரஞ்சா மாறினது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான். ஆக நிறம் ஒண்ண மட்டும் பாத்து, அதுவும் கரோட்டினாய்டு நிறம், அதாவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பக்கம் வர்ற நிறம், அத மட்டும் பாத்து கலப்புன்னு முடிவு பண்ணாதீங்க. மீசை நிறம், பிடரி அடையாளம், தொண்டை நிறம்னு மத்ததும் ஒத்து வரணும்.

இப்ப மேப்

இதெல்லாம் தாண்டியும் சந்தேகம் நிக்குதுன்னா இறகுகள அப்படியே விட்டுட்டு மேப்புக்கு வாங்க. என்னைக் கேட்டா பாதி பேர் தப்பு பண்றது இங்கதான், புக்குல பக்கத்துப் பக்கத்துல படம் போட்டிருக்கற ரெண்டு இனத்த எடுத்து அப்பா அம்மான்னு வச்சுருவாங்க, அந்த ரெண்டும் நிஜத்துல ஒரே நாட்டுல கூட கூடு கட்டாது.

கேள்வி சிம்பிள்: இந்த ரெண்டு இனமும் எங்கயாவது, ஒரே சீசன்ல, ஒரே மாதிரி வாழிடத்துல கூடு கட்டுதா? குளிர்காலத்துல ஒரே ஏரில மிதக்கறது போதாது, பெரும்பாலான பறவைக்கு ஜோடி சேர்ற இடம்தான் முக்கியம். ஆனா வாத்துல பல இனங்க குளிர்காலத்துலயே ஜோடி சேர்ந்துரும், அதனால அங்க குளிர்கால மேப்பையும் சேத்து பாருங்க. ஈபேர்ட்ல இனத்தோட பரவல் மேப்ப மாசம் வாரியா ஃபில்டர் பண்ணலாம், இனப்பெருக்க மாசங்கள மட்டும் போட்டு ரெண்டு இனத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. ரெண்டும் தொட்டுக்கற ஒரு கோடோ பட்டையோ தெரிஞ்சா அதுதான் நீங்க தேட வேண்டிய இடம்.

நமக்குத் தெரிஞ்ச பறவையிலயே ஒண்ணு சொல்றேன், பனங்காடை. இந்தியாவோட பெரும்பகுதில இருக்கறதுக்கு நெஞ்சுல வெளிர் கோடு கோடா இருக்கும், தென்கிழக்கு ஆசியா பக்கம் இருக்கறதுக்கு அந்தக் கோடு இல்லாம நிறமும் அடர்த்தியா இருக்கும், இத இப்ப பல பட்டியல்ல தனி இனமாவே போடறாங்க. வடகிழக்கு இந்தியா, வங்கதேசம் சுத்துவட்டாரத்துல ரெண்டும் சந்திக்குது, இடைப்பட்ட பறவைங்களும் அங்க உண்டு. அதே இடைப்பட்ட தோற்றத்துல ஒரு பனங்காடை அங்கேர்ந்து ரொம்ப தெற்க கிடைச்சா முதல்ல இளம் பறவையான்னு பாருங்க, அப்புறம் வெயில்ல வெளுத்த இறகான்னு பாருங்க, கலப்பு அதுக்கெல்லாம் அப்புறம்தான்.

பரவல் எல்லைங்க ஏன் அங்கங்க இருக்குன்னும் கொஞ்சம் யோசிக்கணும். மலை, ஆறு, கணவாய், காடு மாறற இடம் இதெல்லாம்தான் பொதுவா கோடு போடுது. மேற்குத் தொடர்ச்சி மலைல பாலக்காட்டுக் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம்தான், ஒரு பறவைக்கு அதெல்லாம் தூரமேயில்லன்னு தோணும். ஆனா உச்சி மலைச் சோலைக் காட்டுல மட்டும் வாழற நீல ராபின்கள் அந்த சூடான தாழ்வான இடத்தத் தாண்டறதில்ல, வடக்க நீலகிரில ஒரு இனம், தெற்க ஆனைமலை பழனி பக்கம் இன்னொரு இனம். இந்த மாதிரி சந்திக்கவே வழியில்லாத ஜோடிக்கு நடுவுல கலப்புன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

விதிவிலக்கு வழிதவறி வந்த பறவை. தன் இனத்துல துணையே இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா அது வேற இனத்தோட சேர்றதுக்கான வாய்ப்பு கூடுது, இதுக்கு ஹப்ஸ் விதின்னு பேர், மீன்கள பாத்து 1955ல கார்ல் ஹப்ஸ் எழுதினது, பறவைக்கும் நல்லாவே பொருந்துது. கலப்பு பத்தின கதைங்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த வகைதான்: கலபகோஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு, பரிணாம ஆராய்ச்சியாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி வருஷக்கணக்கா ஒவ்வொரு குருவிக்கும் வளையம் போட்டு கண்காணிச்சுட்டு இருந்த இடம். 1981ல அங்க ஒரு பெரிய சைஸ் ஆண் ஃபிஞ்ச் வந்து இறங்குச்சு, பாட்டும் வேற மாதிரி. நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற எஸ்பனோலா தீவோட இனம்னு பிற்பாடு டிஎன்ஏ காட்டிக் குடுத்துச்சு. அது உள்ளூர் இனத்துப் பெட்டையோட சேர்ந்துச்சு, அதோட வாரிசுங்க ரெண்டு மூணு தலைமுறைக்குள்ளயே தங்களுக்குள்ள மட்டும் ஜோடி சேர ஆரம்பிச்சுருச்சு, ஏன்னா அலகு சைஸ், பாட்டு ரெண்டுமே உள்ளூர் பறவைங்களுக்கு ஒத்து வரல. தனி இனம் உருவாக லட்சக்கணக்கான வருஷம் வேணும்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தோம், 2018ல வெளியான இந்த ஆய்வுல அதோட முதல் படி ஒரு மனுஷ ஆயுசுக்குள்ளயே நடந்து முடிஞ்சிருந்துச்சு.

இன்னொரு விதிவிலக்கு மனுஷன் கொண்டு போய் விட்டது. வட அமெரிக்க ரட்டி வாத்த பிரிட்டனுக்குக் கொண்டு வந்து வளத்தாங்க, அது தப்பிச்சுப் பரவி ஸ்பெயின் வரைக்கும் போய் அங்க இருக்கற வெண்தலை வாத்தோட கலக்க ஆரம்பிச்சுருச்சு. அந்த வெண்தலை வாத்து 1977ல ஸ்பெயின்ல 22 பறவைதான் மிச்சம்ங்கற நிலைமைலேர்ந்து அப்பதான் மெல்ல மீண்டு வந்துட்டு இருந்துச்சு. கலப்புக் குஞ்சுங்களுக்கும் குஞ்சு பொரிக்கற திறன் இருந்ததால ரட்டி வாத்துங்கள சுட்டு எண்ணிக்கைய குறைக்க வேண்டியதாப் போச்சு. நியூசிலாந்து சாம்பல் வாத்து, ஹவாய் வாத்து ரெண்டுக்கும் மல்லார்டு கலப்புதான் பெரிய தலைவலி. அதனால உங்க ஏரியால வெளியிலேர்ந்து வந்த இனம், கூண்டுலேர்ந்து தப்பின இனம் எதெல்லாம் இருக்குன்னும் ஒரு லிஸ்ட் வச்சுக்கோங்க, பரவல் மேப்புல அது சரியா வராது.

அடையாளத்துக்கு மார்க் போடுங்க

மேப் பொருந்துதுன்னா இப்ப திரும்ப இறகுக்கு வரலாம். "ரெண்டுக்கும் நடுவுல இருக்கு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாம அடையாளம் ஒவ்வொண்ணையும் பிரிச்சு மார்க் போடுங்க. ஃபிளிக்கரையே எடுத்துக்கலாம். ஆண் பறவையா இருந்தா தண்டு நிறம், மீசை கறுப்பா சிவப்பா, பிடரில செவப்புப் பிறை இருக்கா இல்லையா, தொண்டை பழுப்பா சாம்பலா, உச்சந்தலை சாம்பலா பழுப்பா, இப்படி அஞ்சு. கிழக்கு மாதிரி இருந்தா 0, நடுத்தரமா இருந்தா 1, மேற்கு மாதிரி இருந்தா 2. அஞ்சும் கூட்டினா 0லேர்ந்து 10 வரைக்கும் ஒரு நம்பர் வரும். ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்ல ஹைப்ரிட் இண்டெக்ஸ்னு வர்றது இதேதான், அவங்க இன்னும் நுணுக்கமா பண்ணுவாங்க, அவ்வளவுதான். பத்துல 5 வந்தா அதுக்காக அது நேரடி முதல் தலைமுறைன்னு அர்த்தம் இல்ல, கலப்புங்க தங்களுக்குள்ள சேர்ந்து பல தலைமுறை ஓடினாலும் அதே 5 வரும்.

மார்க் போடும்போது ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. மொதல்ல, கலப்பினம் எப்பவும் நடுவுல நிக்காது. அமெரிக்காவுல தங்கச்சிறகு வார்ப்ளர், நீலச்சிறகு வார்ப்ளர் ரெண்டும் கலக்கறது ரொம்ப பிரசித்தம், முதல்ல அந்தக் கலப்புங்கள தனி இனம்னே நினைச்சு ப்ரூஸ்டர் வார்ப்ளர், லாரன்ஸ் வார்ப்ளர்னு பேரே வச்சுட்டாங்க. தங்கச்சிறகுக்கு தொண்டை கறுப்பு, நீலச்சிறகுக்கு மஞ்சள். முதல் தலைமுறைக் கலப்புல கறுப்புத் தொண்டை பாதி கறுப்பா வராது, அடியோட காணாமப் போயிரும், ஏன்னா அந்த கறுப்பு ஒடுங்கு பண்பு. அடுத்தடுத்த தலைமுறைல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்த மரபணு சேர்ந்து வந்தாத்தான் திரும்ப எட்டிப் பாக்கும், மஞ்சள் உடம்போட கறுப்புத் தொண்டைன்னு வர்ற அபூர்வமான லாரன்ஸ் வார்ப்ளர் அப்படி வர்றதுதான். 2016ல இந்த ரெண்டு இனத்தோட முழு மரபணுத் தொகுப்ப ஒப்பிட்டப்போ 99.97 சதவீதம் ஒண்ணா இருந்துச்சு, வித்தியாசம் தெளிவா தெரிஞ்ச பகுதிங்க ஆறே ஆறு, அதுல பலது நிறத்தோட சம்பந்தப்பட்டது. பெற்றோர் ரெண்டுலயும் இல்லாத புது அடையாளமே வர்றதும் உண்டு, கலப்பு வாத்துங்க சிலதுக்கு மூணாவதா வேற ஏதோ வாத்தோட முகம் மாதிரி ஒரு டிசைன் வரும், புதுசா பாக்கறவங்கள நல்லா குழப்பி விட்டுரும்.

அப்புறம், பாட்ட நம்பாதீங்க. வட அமெரிக்காவோட சின்னப் பறவைங்களான கருந்தொப்பி சிக்கடி, கரோலினா சிக்கடி ரெண்டும் சந்திக்கற பகுதில ஒரே பறவை ரெண்டு இனத்தோட பாட்டையும் பாடும், அது கலப்பாவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரன் பாட்டக் கேட்டு கத்துக்கிட்ட சுத்தமான பறவையாவும் இருக்கலாம். பாட்ட கத்துக்கற பறவை எல்லாத்துக்கும் இது பொருந்தும். பாட்ட ரெக்கார்ட் பண்ணி வைங்க, ஆதாரத்துல ஒண்ணா சேத்துக்கோங்க, அத மட்டும் வச்சு தீர்ப்பு எழுதாதீங்க.

போட்டோ எப்படி இருக்கணும்னா: பக்கவாட்டுல ரெண்டு பக்கமும், முதுகு, வால், முடிஞ்சா சிறக விரிக்கும்போது மேல கீழ ரெண்டும், அலகும் காலும் தெளிவா. பக்கத்துல தெரிஞ்ச இனம் ஒண்ணு நிக்கற ஃபிரேம் கிடைச்சா விடாதீங்க, சைஸுக்கும் நிறத்துக்கும் அதைவிட நல்ல ஸ்கேல் கிடையாது. எடிட் பண்ணாத ஒரிஜினல் ஃபைல வச்சிருங்க. பறவைய பிடிக்கறது, இறகு பிடுங்கறது, கூட்டுக்கிட்ட போறதெல்லாம் லைசன்ஸ் உள்ள ஆராய்ச்சியாளரோட வேலை, நீங்க கைய வைக்காதீங்க.

டிஎன்ஏ எவ்வளவு சொல்லும்

போட்டோ ஒரு அளவுக்குத்தான். இது முதல் தலைமுறையா, இல்ல கலப்பு திரும்ப ஒரு பெற்றோர் இனத்தோட சேர்ந்து வந்ததா, எது அப்பா எது அம்மா, இதெல்லாம் இறகுல எழுதியிருக்காது. டெஸ்ட் ரிசல்ட் பத்தி படிக்கும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மா வழியா மட்டும்தான் வரும், அத மட்டும் பாத்துட்டு "இது இன்ன இனம்"னு சொன்னா அது அம்மாவோட இனம், பாதிக் கதைதான். அப்பா பக்கம் தெரிய உட்கரு டிஎன்ஏவும் வேணும்.

ரெண்டும் சேர்ந்தா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு 2018ல பென்சில்வேனியாவுல கிடைச்ச ஒரு வார்ப்ளர் போதும். அம்மா, மேல சொன்ன தங்கச்சிறகு நீலச்சிறகு கலப்பு. அப்பா, செஸ்ட்நட் சைடட் வார்ப்ளர்னு வேற பேரினத்தையே சேர்ந்தது. ஒரே பறவைல மூணு இனம். அதை முதல்ல கவனிச்சு போட்டோ எடுத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் குடுத்தது ஒரு பறவை ஆர்வலர்தான். எந்த அடையாளம் எந்த இனத்தோடன்னு அவர் பிரிச்சுப் பாத்ததாலதான் விஷயம் டிஎன்ஏ வரைக்கும் போச்சு.

ஒரு பறவைய விட்டு ஒரு கோட்டுக்கு

தனி ஒரு கலப்பினம் சுவாரசியம்தான், ஆனா அதால பெருசா எதுவும் தெரியாது. நிஜமான விஷயம் ரெண்டு இனம் சந்திக்கற பட்டை முழுக்க என்ன நடக்குதுங்கறதுல இருக்கு. ஐரோப்பாவுல கறுப்புக் காக்காவும் சாம்பல் உடம்பு ஹூடட் காக்காவும் சந்திக்கற பட்டை ஸ்காட்லாந்துலயும், அப்புறம் டென்மார்க்லேர்ந்து ஜெர்மனி, ஆஸ்திரியா வழியா வட இத்தாலி வரைக்கும் ஓடுது. பனியுகத்துல தனித்தனியா ஒதுங்கி வாழ்ந்த ரெண்டு கூட்டம் பனி உருகினப்புறம் பரவி வந்து திரும்ப சந்திச்ச இடம்னுதான் விளக்கம். கலப்புக் குஞ்சுங்க நல்லா வாழுது, முட்டையும் போடுது, அப்படியிருந்தும் இத்தனை ஆயிரம் வருஷத்துல ரெண்டும் ஒண்ணா கரைஞ்சு போகல. 2014ல முழு மரபணுவ ஒப்பிட்டப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் ரொம்ப கீழ, அதுவும் பெரும்பாலும் ஒரே குரோமோசோம்ல நிறமி, கண்பார்வை சம்பந்தப்பட்ட மரபணுங்க இருக்கற துண்டுல குவிஞ்சு இருந்துச்சு. மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் தாராளமா போய் வருது, தன்ன மாதிரி நிறத்துல இருக்கற துணைய தேடறதுதான் ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்குன்னு நினைக்கறாங்க.

இந்த மாதிரி ஒரு பட்டைய நீங்களே படிக்கலாம், லேப் எதுவும் வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் (எல்லா உயிரினத்துக்கும் ஜனங்க போட்டோ பதிவு போடற தளம்), ஈபேர்ட் ரெண்டுலயும் போட்டோ இருக்கற பதிவுங்கள மட்டும் எடுங்க. பட்டைக்கு குறுக்க ஒரு நேர்கோடு நினைச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் சுத்தமான பறவை மட்டுமே இருக்கற தூரம் வரைக்கும் அது நீளணும், இல்லன்னா கிராஃபுக்கு ரெண்டு முனையும் இருக்காது. ஒவ்வொரு போட்டோவுக்கும் ஹைப்ரிட் இண்டெக்ஸ் மார்க் போடுங்க. மார்க் போடும்போது அந்தப் போட்டோ எங்க எடுத்ததுன்னு தெரியக்கூடாது, இது ரொம்ப முக்கியம், இடம் தெரிஞ்சா நம்ம மனசு தானாவே "அங்க இருந்தா கலப்பாத்தான் இருக்கும்"னு மார்க்க நகத்திரும். ஃபைல் பேர்ல நம்பர் மட்டும் போட்டு கலைச்சு வச்சுக்கிட்டா போதும். கலப்புன்னு டேக் போட்ட பதிவுகள மட்டும் எடுக்கறதும் தப்பு, ஜனங்க விசித்திரமான பறவையத்தான் போட்டோ எடுத்துப் போடுவாங்க, சாதாரணமானத விட்டுருவாங்க, ரெண்டு இனத்துக்கும் கலப்புக்கும் மொத்தமா எடுத்தாலும் அந்த சாய்வு கொஞ்சம் இருக்கும்.

கீழ்க்கோட்டுல தூரம், நிமிர்ந்த கோட்டுல சராசரி மார்க். பெரும்பாலும் எஸ் எழுத்து மாதிரி ஒரு வளைவு வரும், ஒரு பக்கம் தட்டையா, நடுவுல செங்குத்தா, அந்தப் பக்கம் மறுபடி தட்டையா. இதத்தான் கிளைன் (cline)னு சொல்றாங்க. நடுப் பகுதி எவ்வளவு அகலம்ங்கறதுதான் நீங்க தேடறது. குஞ்சுங்க பிறந்த இடத்துலேர்ந்து ரொம்ப தூரம் பறந்து போய் கூடு கட்டற இனமா இருந்தும் பட்டை குறுகலாவே நிக்குதுன்னா, கலப்புகள ஏதோ ஒண்ணு தொடர்ந்து கழிச்சுக்கட்டிட்டு இருக்குன்னு அர்த்தம். அகலமா கரைஞ்சு போயிருந்தா கலப்புக்கு பெருசா கஷ்டம் இல்ல, இல்லன்னா சந்திச்சு ரொம்ப காலமாச்சு. ஆர் மென்பொருள் தெரிஞ்சவங்களுக்கு இந்த வளைவ பொருத்திப் பாக்க HZARனு தனி பேக்கேஜே இருக்கு, தெரியாதவங்க சாதா ஸ்ப்ரெட்ஷீட்லயே வரைஞ்சு கண்ணால பாக்கலாம், முதல் தடவைக்கு அது தாராளம்.

கழிச்சுக்கட்டறது என்னவா இருக்கலாம்? பறவைகள்ல பெட்டைக்குத்தான் ரெண்டு வேற வேற பால் குரோமோசோம், ஆணுக்கு ஒரே மாதிரி ரெண்டு, பாலூட்டிக்கு நேர் தலைகீழ். மரபியல் விஞ்ஞானி ஹால்டேன் 1922ல சொன்ன விதிப்படி கலப்புல ஒரு பால் மட்டும் பாதிக்கப்பட்டா அது இந்த வேற வேற குரோமோசோம் உள்ள பால்தான், அதனால பறவைல முதல்ல அடிவாங்கறது பெட்டை. ஐரோப்பாவோட பைட், காலர்டு ஈப்பிடிப்பான்கள் கலந்தா பெட்டைக் குஞ்சுங்க மலடு. அதோட விளைவு இன்னும் அழகு: ரெண்டும் சேர்ந்து வாழற இடத்துல பைட் ஆண்கள் கறுப்பு வெள்ளைய விட்டுட்டு மங்கின பழுப்பா மாறியிருக்கு, அந்த இடத்துப் பெட்டைங்களும் பழுப்பையே விரும்புது, தப்பான ஜோடிய தவிர்க்க. வேற இடத்துல வலசைப் பாதைதான் பிரச்சனை. ஐரோப்பாவோட கருந்தொப்பி வார்ப்ளர்ல ஒரு கூட்டம் தென்மேற்க போகும், இன்னொரு கூட்டம் தென்கிழக்க போகும், ரெண்டையும் கூண்டுல சேத்து வளத்தப்போ குஞ்சுங்க நடுவுல உள்ள திசைய நோக்கி திரும்புச்சு. நடுவுல இருக்கறது ஆல்ப்ஸ் மலையும் கடலும்.

பட்டை நகருதான்னும் பாருங்க, பழைய பதிவு இருக்கற இடமா இருந்தா இது இன்னும் சுவாரசியம். சிக்கடிங்களோட கலப்புப் பட்டை பென்சில்வேனியாவுல 10 வருஷத்துல சுமார் 11 கிலோமீட்டர் வடக்க நகர்ந்துருச்சு, குளிர்காலம் எவ்வளவு சூடாகுதோ அதோட கூடவே போகுது. ஒரே இடத்துல வருஷா வருஷம் போட்டோ எடுத்து வச்சிருக்கறவங்க இருந்தா அந்த சேகரிப்புக்கு மதிப்பே தனி. ஒரே ஒரு இடத்தோட பதிவ மட்டும் பாத்தா "இங்க கலப்பு ஜாஸ்தியாகுது"ன்னு தோணும், நிஜத்துல பட்டை உங்கள கடந்து போயிட்டு இருக்கும்.

கலப்பு எப்பவும் அழிவுலயோ கரைசல்லயோதான் முடியணும்னு இல்ல. இத்தாலியோட சிட்டுக்குருவி, சாதா சிட்டுக்குருவியும் ஸ்பானியச் சிட்டுக்குருவியும் கலந்து நிலைச்சுப் போன தனி இனம். அமேசான்ல பொன்முடி மனாகின் இன்னும் விசேஷம், ஒரு பெற்றோர் இனத்துக்கு உச்சந்தலை பளிச்னு வெள்ளையா, இன்னொண்ணுக்கு பல வண்ணத்துல ஜொலிப்பா இருக்கும், கலப்புல அந்த ஜொலிப்பு தர்ற இறகு அமைப்பு குழம்பி மங்கிப் போச்சு, மங்கின இடத்துல மஞ்சள் நிறமி சேர்ந்து புது அழகு வந்துருச்சு. 2018ல மரபணு ஆதாரத்தோட உறுதியானது இது.

பதிவு போடும்போது

ஈபேர்ட்ல மூணு விதமா போடலாம். கலப்புன்னு உறுதியா இருந்தா ரெண்டு பேரும் பெருக்கல் குறியோட வர்ற ஹைப்ரிட் ஆப்ஷன். இதுவா அதுவான்னு மட்டும் சந்தேகம்னா சாய்கோடு போட்ட ஆப்ஷன், அது கலப்புன்னு அர்த்தம் இல்ல, ரெண்டுல ஏதோ ஒண்ணு, என்னால சொல்ல முடியலன்னு அர்த்தம், இந்த ரெண்டையும் குழப்பிக்கறவங்க நிறைய பேர். ஒண்ணுமே புரியலன்னா பேரினமோ குடும்பமோ வரைக்கும் மட்டும் போட்டு விடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. குறிப்புல எந்தெந்த அடையாளத்துக்கு என்ன மார்க், எந்த வேற விளக்கத்தையெல்லாம் ஏன் கழிச்சீங்க, சுத்துவட்டாரத்துல பெற்றோர் இனங்க ரெண்டும் இருக்கா, இத நாலு வரில எழுதுங்க. சரிபாக்கறவர் "இது வெளுத்த இறகு"ன்னு திருப்பி அனுப்பினா சண்டைக்குப் போகாதீங்க, அவர் பாத்த பறவை எண்ணிக்கை பெரும்பாலும் நம்மளவிட ஜாஸ்தியா இருக்கும், இன்னும் நல்ல போட்டோ இருந்தா அனுப்புங்க. பறவை அங்கயே தங்கற மாதிரி இருந்தா அடுத்த இறகு உதிர்ப்பு முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவை போய் எடுங்க, வெளுத்த நிறம் புது இறகோட போயிருக்கும், சாப்பாட்டால வந்த நிறமும் அதே பழத்த திரும்ப சாப்பிடலைன்னா மாறிப் போயிருக்கும், மரபணுவால வந்தது அப்படியே இருக்கும்.